ஏழாம் இரவில் ஒரு கறுப்பு மாடு: ஜப்பானிய மாந்திரீகத் திகில் நாவல் எழுதத் தொடங்குபவர்களுக்கு

ஜப்பானிய மாந்திரீகத்தை வைத்து முதன்முதலாகத் திகில் நாவல் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். உருமாறும் நரி, வெள்ளுடைப் பேய், கொம்பு முளைத்த பூதம், மந்திரவாதி, வாள் வீரன் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிடுகிறார்கள். ஐம்பதாம் பக்கம் தாண்டுவதற்குள் வாசகருக்குப் பயம் விட்டுப்போகிறது. எதுவும் எப்போதும் நடக்கலாம் என்றாகிவிட்டால் அப்புறம் பயப்பட ஒன்றும் இல்லை. இந்தக் கதைகளில் பயம் விதிகளில் இருக்கிறது. எத்தனை மணிக்கு, எத்தனை இரவு, எந்தத் திசையில், யார் கண்ணில் படக்கூடாது என்று எல்லாமே கறாராக வரையறுக்கப்பட்டிருக்கும். அந்த வரையறையில் ஓர் ஓட்டை விழும்போதுதான் முதுகுத்தண்டு சில்லிடும். ஆகவே ஒரு நாவலுக்கு ஒரு சடங்கு போதும். அந்த ஒன்றை அடிமுதல் நுனிவரை தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

முதல் படி: வருவது எது?

ஜப்பானிய நாட்டார் வழக்காற்றியலின் முன்னோடி யனகிதா குனியோ (1875–1962) ஒரு வேறுபாட்டைச் சொன்னார். யோகாய் எனப்படும் விசித்திர உயிர்கள் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவை. அந்தி மயங்கும் நேரத்தில் யார் வந்தாலும் எதிர்ப்படும். யூரே எனப்படும் ஆவி ஒரு ஆளைத் தேடி வருவது. நள்ளிரவு கடந்துதான் வரும். இந்த வகுப்புக்கு விலக்குகள் நிறைய உண்டு. ஆனால் கதை கட்டுவதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. யோகாய் கதையில் நாயகன் ஊரைவிட்டுப் போய்விட்டால் ஆபத்து முடிந்தது, அதனால் அவனைப் போக முடியாதபடி கட்டிப்போட வேண்டும். யூரே கதையில் ஊர்விட்டு ஊர் போயும் பயனில்லை.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: மனிதன் மனிதனுக்கு ஏவி விடுவது. முதல் நாவலுக்கு இதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏவியவர் யார் என்ற கேள்வி கடைசிவரை பக்கங்களைத் தானாகவே புரட்டவைக்கும். துப்பறியும் கதையின் விசையும் பேய்க்கதையின் குளிரும் சேர்ந்தே கிடைக்கும்.

இரண்டாம் படி: சடங்கைத் தேர்ந்தெடுப்பது

தொடங்குபவர்களுக்கு ஏற்றது ‘உஷி நோ கொகு மைரி’. மாட்டு நாழிகையில் கோயிலுக்குப் போவது என்று பொருள். பழைய ஜப்பானில் ஒரு நாளைப் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கின் பெயர் வைத்திருந்தார்கள். மாட்டு நாழிகை இரவு 1 மணி முதல் 3 மணி வரை. அதை நான்காகப் பகுத்தால் மூன்றாவது கால், அதாவது 2 முதல் 2.30 வரை, மிகக் கெட்ட நேரம். உங்கள் நாவலின் முக்கியமான ஒவ்வொரு சம்பவமும் இந்த அரைமணி நேரத்துக்குள் விழ வேண்டும்.

சடங்குக்கு வேண்டியவை இவை. வெள்ளை உடை. முகத்தில் வெள்ளைப் பூச்சு. அடுப்பில் பாத்திரம் வைக்கும் மூன்று கால் இரும்பு முக்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தலையில் மாட்டி, மேல்நோக்கி நிற்கும் மூன்று கால்களிலும் ஒவ்வொரு மெழுகுவர்த்தி. மார்பில் தொங்கும் ஒரு கண்ணாடி. காலில் உயரமான மரக்கட்டைச் செருப்பு. கையில் சுத்தியல், வைக்கோல் பொம்மை, ஐந்து சுன் நீள ஆணி. ஒரு சுன் சுமார் 3 சென்டிமீட்டர், ஆக ஆணி 15 சென்டிமீட்டர். பொம்மைக்குள் எதிராளியின் தலைமுடியையோ நகத்தையோ வைத்து, கோயிலின் புனித மரத்தில் சேர்த்து ஆணியடிக்க வேண்டும். ஏழு இரவுகள் தொடர்ந்து போக வேண்டும்.

இனி ஓட்டைகள். யாரும் பார்த்துவிடக் கூடாது. பார்த்துவிட்டால் சாபம் வைத்தவர்மேலேயே திரும்பும் என்பது நம்பிக்கை. அதனால் பார்த்தவரை உயிரோடு விடக்கூடாது என்றும் சொல்வதுண்டு. ஏழாம் இரவு சடங்கை முடித்துத் திரும்பும் வழியில் ஒரு பெரிய கறுப்பு மாடு படுத்திருக்கும். அதைத் தாண்டிப் போனால் நினைத்தது நடக்கும். பயந்து நின்றால் ஏழு இரவும் வீண். தோரியாமா செக்கியென் என்ற ஓவியர் 1779-இல் வெளியிட்ட பேய்ப் படத்தொகுப்பில் இந்தச் சடங்கைச் செய்யும் ஒரு பெண்ணையும் அருகில் அந்த மாட்டையும் வரைந்திருக்கிறார். நம் வாசகருக்கு எமனின் எருமை நினைவு வரும், வரவிடாதீர்கள். இது சாவைக் கொண்டுவரும் வாகனம் அல்ல. வைத்தவளின் மனவுறுதியைச் சோதிக்க வந்த மாடு.

இந்தச் சடங்கோடு சேர்த்துச் சொல்லப்படும் இடம் கியோட்டோவின் வடக்கு மலையிலுள்ள கிஃபுனே கோயில். அது நீர்த்தெய்வத்தின் கோயில். அந்தத் தெய்வம் மாட்டு ஆண்டில், மாட்டு மாதத்தில், மாட்டு நாளில், மாட்டு நாழிகையில் பூமிக்கு இறங்கியது என்பது அங்குள்ள ஐதீகம். அதனால் அந்த நேரத்து வழிபாடு முதலில் நல்ல வேண்டுதலாகவே இருந்தது, சாபமாக மாறியது பின்னால்தான் என்கிறார்கள். நாவலாசிரியருக்கு இது ஒரு புதையல். உங்கள் வில்லி முதல் இரவில் கணவன் குணமாக வேண்டுமென்றுகூடப் போயிருக்கலாம். அவள் கையிலிருந்தது ஆணியா பூவா என்பதை நான்காம் இரவு வரை மறைத்து வையுங்கள்.

வேறு சடங்குகளும் உண்டு. கொதோகு என்பது பாம்பு, பூரான், தவளை முதலியவற்றை ஒரே ஜாடியில் அடைத்து, ஒன்றையொன்று தின்றபின் மிஞ்சும் ஒன்றின் நஞ்சையோ ஆவியையோ பயன்படுத்துவது. சீனத்திலிருந்து வந்தது, ஜப்பானின் பழைய சட்டத்தொகுப்பு இதைக் கடுங்குற்றமாக வைத்திருந்தது. அரண்மனைக் கதை எழுத ஆசையிருந்தால் அந்தக் காலத்து வழக்குகளைப் பாருங்கள். 729-இல் இளவரசர் நாகயா சூனியம் பயின்று அரசைக் கவிழ்க்கப் பார்த்தார் என்று குற்றம்சாட்டப்பட்டுத் தற்கொலைக்குத் தள்ளப்பட்டார். 769-இல் ஓர் அரண்மனைப் பெண், பேரரசியின் தலைமுடியைத் திருடி ஆற்றங்கரையில் கிடந்த மண்டையோட்டில் வைத்து மந்திரம் செய்தாள் என்று சொல்லி நாடுகடத்தப்பட்டாள். இரண்டுமே பிற்பாடு பொய்க் குற்றச்சாட்டாகவே பேசப்பட்டன. சூனியம் வைப்பதைவிடச் சூனியக்காரர் என்ற பட்டம்தான் அங்கே அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது. அப்படி ஒரு குற்றச்சாட்டிலிருந்து நாவலைத் தொடங்கினால் முதல் பக்கத்திலேயே பதற்றம் வந்துவிடும்.

இனுகமி, அதாவது நாயின் ஆவியை அடிமையாக்கி வைத்திருப்பது, ஷிகோகு தீவுப் பக்கத்து நம்பிக்கை. இதில் கவனம் தேவை. இன்ன குடும்பத்தில் இனுகமி இருக்கிறது, அது பெண்வழியாக வரும் என்று சொல்லிப் பெண் எடுக்காமல், பெண் கொடுக்காமல் மனிதர்களை ஒதுக்கிவைத்த கொடுமை அங்கே உண்மையாகவே நடந்தது. நிஜமான கிராமப் பெயரையோ குடும்பப் பெயரையோ இதில் கோர்க்காதீர்கள். கதை ஒதுக்கப்பட்ட குடும்பத்தின் பக்கம் நின்று பேசினால் அதன் பயமே வேறு மாதிரி ஆழமாகும்.

மூன்றாம் படி: மந்திரவாதியைச் சரியாக அமைப்பது

ஒன்மியோஜி என்றால் வானத்திலிருந்து நெருப்புப் பந்து வரவழைக்கும் ஆள் என்று பலரும் எழுதுகிறார்கள். உண்மையில் அவர் சம்பளம் வாங்கிய அரசு ஊழியர். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைந்த ஒன்மியோரியோ என்ற அலுவலகத்தில் பஞ்சாங்கம் கணிப்பது, நட்சத்திரம் பார்ப்பது, நீர்க்கடிகாரத்தை வைத்து நேரம் அறிவிப்பது, குறி சொல்வது ஆகியவை வேலை. அந்த அலுவலகம் 1870-இல்தான் கலைக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 1872-இல், மலைத்துறவிகளின் ஷுகெந்தோ மரபும் தடைசெய்யப்பட்டது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் காத்துவந்த வித்தையோடு ஒரு கூட்டமே நடுத்தெருவில் நிற்கும் அந்தக் காலம் திகில் நாவலுக்குத் தங்கச் சுரங்கம்.

இவர்களில் பேர்போனவர் அபே நோ செய்மெய் (921–1005). அவருடைய ஷிகிகமிகளின் முகத்தைப் பார்த்து மனைவி பயந்ததால், அவற்றை இச்சிஜோ மோதோரிபாஷி என்ற பாலத்தின் அடியில் மறைத்து வைத்திருந்தார் என்பது கதை. ஷிகிகமி என்பது மந்திரவாதி ஏவும் பணியாள் ஆவி. குட்டிச்சாத்தான் என்று மொழிபெயர்த்தால் வேலை சுலபம், ஆனால் கதை உடனே வேறு மண்ணுக்குப் போய்விடும். ஷிகிகமி என்றே வைத்து, முதல் முறை வரும்போது அது செய்யும் ஒரு வேலையைக் காட்டிவிடுங்கள். பொருள் தானாகப் புரியும்.

செய்மெயைப் பற்றிய பழங்கதை ஒன்றில் ஒரு பாடமே அடங்கியிருக்கிறது. இளம் பிரபு ஒருவர்மேல் பறந்துபோன காகம் எச்சமிடுகிறது. அது ஷிகிகமியின் வேலை, இன்றிரவு தாங்கமாட்டார் என்று செய்மெய் கண்டுகொள்கிறார். இரவு முழுக்க அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மந்திரம் ஓதுகிறார். விடியும்போது ஏவல் திரும்பிப் போய், அதை அனுப்பிய மந்திரவாதியையே கொன்றுவிடுகிறது. பாருங்கள்: மின்னல் இல்லை, போர் இல்லை. காக்கை எச்சம் ஒன்று, விடியாத ஓர் இரவு, கட்டியணைத்த கை. ஏவல் திரும்பும் என்ற விதி உங்கள் நாவலிலும் இருக்கட்டும். அந்த விதியை வாசகருக்கு முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் சொல்லிவிட வேண்டும். கடைசியில் சொன்னால் ஏமாற்று வேலையாகத் தெரியும்.

விரல்களை வாள்போல நீட்டிக் காற்றில் கீறும் காட்சியைப் பலரும் வைப்பார்கள். வைத்தால் சரியாக வையுங்கள். ஒன்பது எழுத்து மந்திரம்: ரின், ப்யோ, தோ, ஷா, காய், ஜின், ரெத்சு, ஜாய், ஜென். கிடையாக ஐந்து கோடு, நெடுக்காக நான்கு, மாறி மாறி. சீனத்து நான்காம் நூற்றாண்டு நூலொன்றில் மலைக்குள் நுழைபவர் தன்னைக் காத்துக்கொள்ளச் சொல்லும் மந்திரமாக இருந்தது. அது தற்காப்பு, தாக்கும் ஆயுதமாக்கினால் விஷயம் தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

நான்காம் படி: வீட்டின் வரைபடம்

எழுதுவதற்கு முன் ஒரு தாளில் வீட்டை வரையுங்கள். வடக்கைக் குறியுங்கள். இங்கேதான் தமிழில் எழுதுபவர்களுக்குப் பெரிய இடறல் வரும். நமக்கு வடகிழக்கு ஈசான்ய மூலை, பூஜையறைக்கு உகந்த மூலை. ஜப்பானில் அது கிமோன், அதாவது பேய்வாசல். திசைகளுக்கும் விலங்குப் பெயர் வைத்த பழைய கணக்கில் அது மாட்டுக்கும் புலிக்கும் நடுவே இருப்பதால்தான் பூதங்களுக்கு மாட்டுக் கொம்பும் புலித்தோல் கச்சையும் வந்தன என்று விளக்குவார்கள். கியோட்டோவுக்கு வடகிழக்கே ஹியெய் மலைக் கோயில் காவல். எதோ என்ற பழைய டோக்கியோ நகரின் கோட்டைக்கு வடகிழக்கே 1625-இல் எழுந்த கன்னெய்ஜி கோயில் காவல். கியோட்டோ அரண்மனை மதிலில் வடகிழக்கு மூலையே கிடையாது. அந்த மூலையை உள்நோக்கி மடக்கிக் கட்டிவிட்டார்கள். கூரையின் கீழே தொப்பி போட்ட ஒரு மரக்குரங்கு, கையில் காகிதத் தோரணக் கோலோடு, கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. இரவில் இறங்கிவந்து தொல்லை கொடுத்ததால் வலை போட்டு அடைத்தார்களாம். கதையில் யாராவது அந்த மாதிரி மூலையில் புதிதாக ஒரு கழிவறை கட்டட்டும், மற்றது தானே நடக்கும்.

தலைமாட்டு விஷயத்தில் மட்டும் நம் பழக்கம் கைகொடுக்கும். அங்கேயும் வடக்கே தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். பிணத்தைத்தான் அப்படிக் கிடத்துவார்கள்.

அறைகளைப் பாய்க் கணக்கில் சொல்லுங்கள். ஒரு தத்தாமி பாய் ஏறத்தாழ 180-க்கு 90 சென்டிமீட்டர். நாலரைப் பாய் அறை என்றால் ஏழேகால் சதுர மீட்டர் சொச்சம். அதற்குள் படுக்கை விரித்தால், படுக்கை மடித்துவைக்கும் சுவர் அலமாரியின் கதவுக்கும் உறங்குபவரின் முகத்துக்கும் கைநீளம்தான் இடைவெளி. பயத்தை அந்த இடைவெளியில் வையுங்கள்.

இன்றைய காலத்தில் கதை நடக்கிறதென்றால் வாடகை வீடுகளைப் பாருங்கள். தற்கொலையோ கொலையோ நடந்த வீட்டை ஜப்பானில் ‘ஜிகோ புக்கென்’ என்பார்கள். 2021-இல் அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி வாடகை வீட்டில் அத்தகைய சாவைச் சுமார் மூன்று ஆண்டு வரை சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டும் ஒரு வாரமும் கழித்துக் குடிவரும் நாயகியிடமிருந்து தொடங்குங்கள்.

ஐந்தாம் படி: அளவும் அடுக்கும்

ஏழு இரவுச் சடங்கு நாவலுக்கு எலும்புக்கூட்டையே கொடுத்துவிடுகிறது. ஒரு இரவுக்கு நான்கு அத்தியாயம், ஒவ்வொன்றும் 1,100 சொல். மொத்தம் 28 அத்தியாயம், சுமார் 31,000 சொல். நாளுக்கொன்று எழுதினால் நான்கு வாரம். ஒவ்வொரு இரவின் முதல் மூன்று அத்தியாயங்களும் பகலில் நடக்கட்டும்: விசாரணை, குடும்பச் சண்டை, கோயில் காப்பாளரின் அரைகுறைப் பேச்சு. நான்காவது மட்டும் அந்த அரைமணி நேரம்.

முதல் இரவில் சத்தம் மட்டும். இரண்டாம் இரவில் மரத்தில் ஆணித்துளை. மூன்றாம் இரவில் யாரோ பார்த்துவிடுகிறார்கள், அது யாரென்று நமக்கே தெரியாது. நாலும் ஐந்தும் இழுபறி. ஆறாம் இரவில் வைத்தவர் யாரென்று தெரிந்துவிட வேண்டும். ஏழுவரை இழுத்தால் மாட்டுக்கு இடமிருக்காது. ஏழாம் இரவு முழுக்க மாடுதான்.

நடுப்பகுதி தொய்வதுதான் எல்லாருக்கும் வரும் சிக்கல். காரணம், ஐந்தாம் இரவில் புதிதாக ஒரு பேயைக் கொண்டுவருவது. அதற்குப் பதிலாக ஒரு மனிதரின் பேராசையைக் கொண்டுவாருங்கள். சன்யூதெய் என்சோ (1839–1900) என்ற கதைசொல்லியின் புகழ்பெற்ற கதையில், பேய் நுழையாதபடி வீடெங்கும் மந்திரச்சீட்டு ஒட்டியிருக்கும். அதைக் கிழித்துவிடப் பக்கத்துவீட்டுக்காரன் பேயிடமே நூறு பொன் கேட்டு வாங்கிக்கொள்வான். விதியைப் பேய் உடைக்கவில்லை. அண்டைவீட்டான் உடைத்தான்.

ஆறாம் படி: நடை

என்சோ மேடையில் சொன்ன அந்தக் கதை 1884-இல் சுருக்கெழுத்தில் எடுக்கப்பட்டு அச்சானது. எழுத்துநடையைப் பேச்சுக்கு அருகே கொண்டுவர நினைத்த அன்றைய ஜப்பானிய எழுத்தாளர்களுக்கு அது ஒரு முன்மாதிரி. அதில் பேய்ப்பெண் வருவதற்கு முன் மரச்செருப்பின் சத்தம் வரும்: கரன், கொரோன். ஜப்பானியப் பேய்களுக்குக் கால் கிடையாது என்பது ஓவிய வழக்கு. கால் இல்லாதவளின் செருப்புச் சத்தம்! கபுகி நாடகத்தில் பேய் வரும்போது புல்லாங்குழலும் முரசும் எழுப்பும் ஒலியையும் ஹ்யூ, தோரோ தோரோ என்று குறிப்பார்கள். சத்தத்தை முதலில் கொடுங்கள், உருவத்தை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுங்கள். மாதிரிக்கு:

“மூன்றாம் இரவும் கேட்டது. டொக். நீண்ட இடைவெளி. டொக். முதல் அடி வைக்கோலில் மந்தமாக விழுந்தது. அடுத்தடுத்து மரத்தின் குரல் ஏறியது. சன்னல் காகிதத்தில் ஒரு சின்னப் பொத்தல் இருந்தது. கியோ அதில் கண்ணை வைக்கவில்லை. இடது தோளை மெல்லத் தடவிக்கொண்டாள். நேற்றுவரை அங்கே வலி இல்லை.”

ஜப்பானியச் சொற்கள் நாவல் முழுக்கப் பன்னிரண்டைத் தாண்டக் கூடாது. அடைப்புக்குறி விளக்கம் வேண்டாம். பெயருள்ள பாத்திரங்கள் ஆறு பேர் போதும். கென்ஜி, கென்தா, கெய்கோ என்று ஒரே எழுத்தில் மூவரை வைத்தால் தமிழ் வாசகர் திணறிப்போவார். குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால் வரும். மரியாதைக்கு ‘சான்’ போடுவதை உரையாடலில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கதைசொல்லும் வரிகளில் நம் ‘ர்’ விகுதியே போதும்.

ஏழாம் படி: திருத்தம்

முதல் வரைவு முடிந்ததும் இவற்றைச் சரிபாருங்கள். கல்லறை இருப்பது புத்தக் கோயிலில். தோரி வாசல் உள்ள கோயில் ஜப்பானின் சொந்த மதமான ஷிந்தோவின் கோயில், அது சாவுத் தீட்டை அண்டவிடாது. ஆணியடிப்பது ஷிந்தோ கோயில் மரத்தில், ஈமச்சடங்கு புத்தக் கோயிலில். இரண்டையும் கலந்துவிட்டால் கதையே கலைந்துவிடும். பேய்க்கதைக்கு உரிய பருவம் அங்கே கோடை. முன்னோர் வீடு திரும்பும் ஒபோன் நாட்களும் அப்போதுதான். யோத்சுயா பேய்க்கதை 1825-இல் முதன்முதலாக மேடையேறியதும் கோடையில்தான். ஆகவே பனிக்காலத்தைவிடப் புழுக்கமும் சிள்வண்டும்தான் பொருத்தம். சோற்றில் சாப்பிடும் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்துவது இறந்தவருக்குப் படைக்கும் முறை. இதைச் சாப்பாட்டுக் காட்சியில் ஒரு பாத்திரம் தெரியாமல் செய்தால் மேஜையே உறைந்துபோகும், தெரியாமல் நீங்கள் செய்தால் பிழை.

போலீஸ் வந்தால் சட்டத்தையும் பாருங்கள். சாபம் வைத்ததற்குக் கொலைவழக்கு கிடையாது. ஆனால் பொம்மையைக் குறிவைக்கப்பட்டவருக்குத் தெரியும்படி செய்தால் மிரட்டல் வழக்காகலாம். 2022-இல் சிபா மாகாணத்தின் மத்சுதோ நகரில் கோயில் மரத்தில் வைக்கோல் பொம்மையை ஆணியடித்த ஒருவர் அத்துமீறி நுழைந்ததற்காகக் கைதானார்.

படிக்க நினைத்தால் லஃப்காடியோ ஹெர்ன் 1904-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

கடைசி வேலை அட்டைப்படம். ஓவியரிடம் மூன்று குறிப்புகளை எழுதிக் கொடுங்கள். வாயில் சொன்னால் மறந்துவிடுவார். பேய் என்றால் பாதம் வரையக் கூடாது, ஆணியடிப்பவள் உயிரோடிருப்பவள், அவளுக்குப் பாதம் வேண்டும். தலையில் மெழுகுவர்த்தி மூன்று, இரண்டோ நான்கோ அல்ல. கிமோனோவை உயிரோடிருப்பவர்கள் இடப்பக்க மடிப்பு மேலே வரும்படி அணிவார்கள். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. அச்சகத்தில் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுவிட்டால் நாயகி அட்டையிலேயே செத்துவிடுவாள். அதனால் அச்சுக்கு முந்தைய படியைக் கையில் வாங்கி, கழுத்துப் பட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.